கூப்பன் அரிசியிலிருந்து சிறுதட்டு வரை
கொழும்புத் தமிழர் உணவுப் பழக்கமும் உடற்பருமன் சத்திரசிகிச்சையும்

ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசையும் போரையும் நிலவுடைமையையும் முதலில் நோக்குவர். அடுக்களையை நோக்குவோர் அரிது. எனினும், ஒரு வீட்டின் காலைத் தட்டில் எது இருந்தது, அது எப்போது அங்கு வந்தது, எதனை அகற்றிவிட்டு வந்தது என்னும் வினாக்களுக்கு விடை தேடப் புகுந்தால், உலகப் போரும் வரவுசெலவுத் திட்டமும் இனக்கலவரமும் அத்தட்டிலே வந்து சேர்ந்திருப்பதைக் காணலாம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளில் வாழ்ந்துவரும் தமிழர்தம் உணவு வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இவ்வரலாற்றை இன்று ஆராய்வதற்குத் தனியானதொரு காரணமும் உண்டு. மிகை உடற்பருமனுக்கான சத்திரசிகிச்சை கொழும்பு வைத்தியசாலைகளில் இப்போது நடைபெற்று வருகின்றது. அதனை நாடிச் செல்பவரிடம், சத்திரசிகிச்சைக்கு நாள் குறிப்பதற்கு முன்பாகவே, உண்ணும் முறையையும் குடிக்கும் முறையையும் மாற்றிக்கொள்ளும்படி கூறப்படுகின்றது. நாற்பது ஐம்பது ஆண்டுகாலப் பழக்கத்தை ஒருவர் சில மாதங்களில் மாற்றுவது இயலுமா? இயலுமெனின் எவ்வாறு? இவ்வினாக்களை மருத்துவத்திடம் மட்டுமன்றி வரலாற்றிடமும் கேட்கலாம். ஏனெனில், கொழும்புத் தமிழர் சென்ற எண்பது ஆண்டுகளில் தம் உணவுப் பழக்கத்தைப் பன்முறை மாற்றியுள்ளனர். அம்மாற்றங்களுட் சில நிலைத்தன, சில நிலைக்கவில்லை. நிலைத்தவை ஏன் நிலைத்தன என்பதே இக்கட்டுரையின் ஆய்பொருளாகும்.

போர்க்காலமும் கோதுமை மாவும்

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் இலங்கை தனக்கு வேண்டிய அரிசியின் பெரும்பகுதியை வெளிநாடுகளிலிருந்து, சிறப்பாகப் பர்மாவிலிருந்து, தருவித்தது. 1942ஆம் ஆண்டு பர்மா யப்பானியர் வசமானதும் அவ்வழி அடைபட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பு மீதும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அதே ஆண்டில் உணவுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. தலைக்கொரு கூப்பன் புத்தகம் என்னும் முறை அன்று தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இந்நாட்டு மக்களின் உணவினை அளந்தது. அரிசி போதாமையால் அதற்கு ஈடாகக் கோதுமை மா வழங்கப்பட்டது.

கோதுமை இந்நாட்டிற்கு முற்றிலும் புதியதன்று. பாண் என்னும் சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. ஆயினும், அதுவரை தமிழ் வீடுகளில் பாண் நோயாளிக்கும் அவசரத்திற்கும் உரிய பண்டமாகவே பெரிதும் கருதப்பட்டது. பழஞ்சோறு, அரிசிமாப் புட்டு, இடியப்பம், ஒடியற்கூழ், குரக்கன் ஆகியவற்றிற் பழகிய நாவிற்குக் கோதுமை மா அந்நியமாகவே இருந்திருத்தல் வேண்டும். அவ்வாறிருந்தும் போர் முடிந்த பின்னர் அம்மா வீட்டைவிட்டு வெளியேறவில்லை. இன்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் எத்தனையோ வீடுகளில் இடியப்பமும் புட்டும் அவித்த கோதுமை மாவினாலேயே ஆக்கப்படுகின்றன. விருந்தாளியாக வந்த மா வீட்டுக்காரனாகிவிட்டது.

இதன் காரணம் ஊன்றி நோக்கற்பாலது. அரிசி மா வேண்டுமாயின் அரிசியை ஊறவைத்து, உரலில் இடித்து, அரித்து, வறுக்க வேண்டும். கோதுமை மாவை அவித்து அரித்தால் போதும். பாணுக்கோ அதுவும் வேண்டியதில்லை. எட்டு மணிக்குக் கந்தோருக்குப் புறப்படும் வெள்ளவத்தை எழுதுவினைஞர் குடும்பத்திற்கும், விடியுமுன் துறைமுகத்திற்குச் செல்லும் கொட்டாஞ்சேனைத் தொழிலாளிக்கும் அது காலத்தை மீதப்படுத்தியது. மேலும், புதிய மா பழைய உரலையும் தட்டையும் நீத்துப்பெட்டியையும் விட்டு விலகி நிற்கவில்லை. இடியப்பம் இடியப்பமாகவே இருந்தது. சொதியும் சம்பலும் இருந்தவாறே இருந்தன. மா மட்டும் மாறியது. பழைய வடிவினுட் புகுந்து, சமைப்பவரின் உழைப்பையும் குறைத்தமையாற்றான் இம்மாற்றம் நிலைபெற்றது எனலாம்.

கொத்தரிசியின் அரசியல்

பங்கீட்டரிசி மக்கள் மனத்தில் எத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதற்கு 1953ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் சான்று. அவ்வாண்டு யூலை மாதம், நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் வரவுசெலவுத் திட்டம் ஒரு கொத்தரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஓகஸ்ட் 12ஆம் நாள் நாடு தழுவிய ஹர்த்தால் இடம்பெற்றது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றிற் கூடவேண்டிய நிலை ஏற்பட்டது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். உணவுத் தட்டில் மேலிருந்து கை வைப்பவர் எதிர்ப்பைச் சந்தித்தே தீரவேண்டும் என்பதை இந்நாட்டு அரசியல்வாதிகள் அன்று கற்றுக்கொண்டனர்.

இதற்கு மாறான வகையிலும் பாடம் கிடைத்தது. 1966ஆம் ஆண்டு இறுதியில் வாராந்தப் பங்கீடு இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாகப் பாதியாக்கப்பட்டது. ஆனால், அந்த ஒரு கொத்து இலவசமாக வழங்கப்பட்டது. 1953இற் போன்ற கொந்தளிப்பு அப்போது எழவில்லை. எனினும், இழந்த கொத்தினை மக்கள் மறந்துவிடவுமில்லை. 1970ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அந்த இரண்டாம் கொத்தே பெரும் வாக்குறுதியாயிற்று. பறிக்கப்பட்ட உணவு நினைவில் நெடுங்காலம் நிற்கும் என்பதே இதனாற் பெறப்படும் உண்மையாகும்.

மரவள்ளிக் காலம்

1973ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது. அந்நியச் செலாவணி அருகியது. பங்கீட்டு அளவு குறைக்கப்பட்டது. மா, பாண், சீனி ஆகியவற்றின் விலைகள் உயர்த்தப்பட்டன. விடியற்காலையிலேயே பாணுக்காக வரிசையில் நின்ற காலம் அது. மரவள்ளியும் வற்றாளையும் சோற்றின் இடத்தைப் பிடித்தன. தேநீரிற் சீனி குறைந்தது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் அருந்தும் யாழ்ப்பாணத்து வழக்கம் கொழும்பிலும் கைகொடுத்தது.

இக்காலத்தை இன்றைய உணவியற் கண்கொண்டு நோக்குவோர், மக்கள் சீனியைக் குறைத்துக் கிழங்கையும் கீரையையும் உண்ட நற்காலம் எனக் கருதிவிடல் கூடாது. 1974இல் மலையகத் தோட்டங்களில் இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தது. பஞ்சம் வேறு, பத்தியம் வேறு. ஒன்றை மற்றொன்றாகப் போற்றுவது அக்காலத்தில் மாண்டவர்க்கு இழைக்கும் அநீதியாகும்.

இக்கட்டுரையின் பொருளுக்கு இயைபான செய்தி பிறிதொன்று. 1977ஆம் ஆண்டு ஆட்சி மாறி இறக்குமதிக் கதவுகள் திறக்கப்பட்டதும், மரவள்ளியும் வெறுந்தேநீரும் நகரத்து வீடுகளில் தம் முதன்மையை விரைவிலேயே இழந்தன. 1942இல் வந்த கோதுமை மா நிலைத்தது. 1973இன் மரவள்ளி நிலைக்கவில்லை. இரண்டும் தட்டுப்பாட்டின் பிள்ளைகளே. எனின் வேறுபாடு யாது? முன்னையது சமைப்பவர்க்கு எளிமையைத் தந்தது. பின்னையது இழப்புணர்வை மட்டுமே தந்தது. கட்டாயத்தால் மட்டும் பிறந்த பழக்கம் அக்கட்டாயத்துடனேயே மடிகின்றது.

கதவு திறந்த பின்னர்

1978இல் பங்கீடு குறைந்த வருமானமுடையோர்க்கு மட்டும் என வரையறுக்கப்பட்டது. 1979இல் உணவு முத்திரை அதன் இடத்தைப் பெற்றது. 1980இல் திருகோணமலையில் பெரியதொரு மாவாலை இயங்கத் தொடங்கியது. மாவும் சீனியும் பால்மாவும் குடிபானமும் கடைகளில் நிறைந்தன. கூப்பன் அளந்த கை விலகியது, பணப்பை அளந்தது.

இம்மாற்றத்தின்மீது கொழும்புத் தமிழர்க்கு வேறொரு மாற்றமும் வந்து படிந்தது. 1983 யூலைக் கலவரத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரியுண்டன. பலர் வடக்கிற்கும் வெளிநாடுகளுக்கும் சென்றனர். பின்னர், போர் முற்றியபோது, சிறப்பாக 1995ஆம் ஆண்டு யாழ்ப்பாண இடப்பெயர்வின் பின்னர், வடக்கிலிருந்து வந்தோர் இப்பகுதிகளின் வாடகை அறைகளையும் விடுதிகளையும் தொடர்மாடி வீடுகளையும் நிரப்பினர். முற்றமும் கிணற்றடியும் தோட்டமும் இருந்த வாழ்க்கை மூன்றாம் மாடியின் இரண்டறைக்குள் சுருங்கியது. நீர் இறைத்த கையும் சைக்கிள் மிதித்த காலும் ஓய்ந்தன. கடையிற் கட்டிய சோற்றுப் பொதியும் கொத்துறொட்டியும் இரவுணவாயின. உண்ணும் அளவு குறையவில்லை. உழைக்கும் அளவே குறைந்தது. ஊரையும் உறவையும் இழந்தோர்க்கு விரும்பிய உணவொன்றே எஞ்சிய ஆறுதலாக இருந்தது என்பதையும் இங்கு மறத்தலாகாது.

இதன் விளைவு மருத்துவக் கணக்கில் வெளிப்பட்டது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, வளர்ந்தோரில் 10.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. நகரத்தில் இவ்வீதம் 16.4, கிராமத்தில் 8.7. ஆசிய மக்களின் உடலமைப்பில் குறைந்த பருமனிலேயே நீரிழிவு தோன்றுவதால், உடற்றிணிவுச் சுட்டி 23ஐத் தாண்டும்போதே எச்சரிக்கை வேண்டும் என உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் கருத்துரைத்தது. அரசும் வாளாவிருக்கவில்லை. குடிபானங்களின் சீனி அளவைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறங்களாற் காட்டும் விதி 2016இலும், சீனி சேர்ந்த குடிபானங்கள்மீதான வரி 2017இலும் நடைமுறைக்கு வந்தன.

சத்திரசிகிச்சையும் அதன் முன்வாயிலும்

உடற்பருமனைச் சத்திரசிகிச்சையாற் குறைக்கும் முயற்சி அமெரிக்காவில் தொடங்கியது. 1954இல் மின்னசோட்டாவில் கிரெமன் முதலானோர் சிறுகுடலின் பெரும்பகுதியைத் தவிர்த்து உணவு செல்ல வழியமைத்த முறையை வெளியிட்டனர். இம்முறையாற் பின்னர் கடுமையான சத்துக்குறைபாடும் ஈரற் கேடும் நேர்ந்தமையால் அது கைவிடப்பட்டது. 1966இல் அயோவாப் பல்கலைக்கழகத்து எட்வர்ட் மேசன் இரைப்பையைச் சிறிதாக்கி மாற்றுவழி அமைக்கும் முறையை உருவாக்கினார். இன்று பரவலாகச் செய்யப்படுவது இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கி, எஞ்சியதைக் குழாய் வடிவாக விடும் முறையாகும். ஒரு லீற்றருக்கு மேல் கொள்ளத்தக்க இரைப்பை இதன்பின் ஏறத்தாழ 100 முதல் 150 மில்லிலீற்றர் மட்டுமே கொள்ளும். அஃதாவது, ஒரு தேநீர்க் கோப்பையின் அளவு.

இவ்வளவு சிறிய இரைப்பையுடன் வாழப்போகின்றவர் அதற்கேற்ற பழக்கத்தை முன்கூட்டியே பயிலவேண்டியவராகின்றார். சிறிய தட்டு, சிறிய கவளம், ஒவ்வொரு கவளத்தையும் கூழாகும்வரை மெல்லுதல், அரைமணி நேரம் இருந்து உண்ணுதல், பருப்பு, கடலை, முட்டை, மீன் போன்ற புரத உணவை முதலில் உண்டு சோற்றைப் பின்னுக்குத் தள்ளுதல், உணவோடு நீர் அருந்தாது அரைமணி நேரம் விலக்குதல், சீனித் தேநீரையும் வாயு நிறைந்த குடிபானங்களையும் விடுதல், புகையையும் மதுவையும் நிறுத்துதல் என்பன பொதுவாகக் கூறப்படுவன. மதுவைப் பற்றிய எச்சரிக்கை வெறும் ஒழுக்க போதனையன்று. இச்சிகிச்சைக்குப் பின் மது விரைவாக இரத்தத்திற் கலந்து, முன்னரிலும் உயர்ந்த அளவை எட்டுகின்றது.

சத்திரசிகிச்சைக்கு முந்திய இரண்டு வாரமளவில் உணவு மேலும் குறைக்கப்படுகின்றது. பெரும்பாலும் நாளொன்றுக்கு 800 முதல் 1000 கலோரி வரை. இதன் நோக்கம் தராசுக் கணக்கன்று. பருமனுற்றவர்தம் ஈரல் கொழுப்பேறிப் பெருத்திருக்கும். அதன் இடப்பகுதி இரைப்பையின் மேற்புறத்தை மூடிக்கிடக்கும். சத்திரவைத்தியர் அதனை உயர்த்தியே இரைப்பையை அணுகவேண்டும். உணவு குறையவே ஈரல் சுருங்குகின்றது. 2006இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரையொன்று, பன்னிரண்டு வாரப் பத்தியத்தில் ஈரலின் சுருக்கத்தில் 80 விழுக்காடு முதல் இரண்டு வாரங்களிலேயே நிகழ்ந்ததைக் காட்டியது. நீரிழிவு மருந்தோ இன்சுலினோ பெறுவோர் மருத்துவரின் கண்காணிப்பின்றி இப்பத்தியத்தைத் தொடங்கலாகாது. இரத்தச் சீனி அபாயகரமாகத் தாழ்ந்துவிடக்கூடும்.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். பயிற்சி வேறு, தண்டனை வேறு. குறித்த அளவு நிறையைக் குறைத்துக் காட்டினாற்றான் சத்திரசிகிச்சை எனக் காப்புறுதி நிறுவனங்கள் நிபந்தனை விதித்தல் சான்றுகளுக்குப் பொருந்தாது என, அமெரிக்காவில் இத்துறைச் சத்திரவைத்தியரின் சங்கம் 2016இல் அறிவித்தது.

வரலாறு கூறும் பாடம்

மேற்கூறிய அறிவுரைகளை வெள்ளவத்தை வீடொன்றின் உணவு மேசையில் வைத்து நோக்கினால் அவற்றின் கடுமை விளங்கும். சொதி ஊற்றிப் பிசைந்த இடியப்பம் மெல்லாமலே தொண்டையில் இறங்கிவிடும். ஆதலால் பத்து இடியப்பம் உண்டவர்க்கு உண்டதே தெரிவதில்லை. சோற்றின் முடிவில் இரசமோ மோரோ குடிக்காவிடின் உண்ட நிறைவு வருவதில்லை. வீட்டிற்கு வந்தவர்க்குக் கேளாமலே தேநீர் வரும்; அதில் இரண்டு கரண்டிச் சீனி இருக்கும். நாளொன்றுக்கு ஐந்து கோப்பை எனின், கரண்டிக்கு 4 கிராமாக 40 கிராம் சீனி தேநீராலேயே உட்செல்கின்றது. சீனியை நாளொன்றுக்கு 25 கிராம் அளவிற் குறைத்தல் நன்று என்பது 2015இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலின் சாரம். "போதும்" என்ற விருந்தினரின் தட்டில் மேலும் ஓர் அகப்பை சோறு இடுவது அன்பு. அதனை மறுப்பது அவமதிப்பு. கொட்டாஞ்சேனையின் திருநாள் விருந்திலும் இதே நிலைதான்.

நம்மவர்க்கு உணவைத் துறக்கத் தெரியாது என்று கூறிவிடவும் இயலாது. கந்தசட்டி ஆறு நாளும் நீர் மட்டும் அருந்தி இருப்போர் வெள்ளவத்தையில் உளர். தவக்காலத்தில் ஊனைத் துறப்போர் கொட்டாஞ்சேனையில் உளர். ஆறு நாட் பசியைத் தாங்குபவர் அரைக்கரண்டிச் சீனியைத் தாங்க இயலாது தவிப்பதேன்? விரதத்திற்கு முடிவுநாள் உண்டு, பாறணை உண்டு. வீடும் கோவிலும் கூடவே நோற்கின்றன. சத்திரசிகிச்சைக்கு முந்திய பழக்கமாற்றத்திற்கோ பாறணை இல்லை. கூட நோற்பாரும் இல்லை. ஒரே மேசையில் ஐவர் புட்டுண்ண, ஒருவர் மட்டும் சிறுதட்டில் பருப்புண்ணும் தனிமையே இதன் உண்மையான கடினமாகும்.

இரண்டு வாரப் பத்தியம் 1973இன் மரவள்ளியை ஒத்தது. அது ஒரு தேவைக்காக வருவது. அத்தேவை முடிந்ததும் போகும். போனாலும் தீங்கில்லை. ஆனால் மெல்லுதல், நீரை விலக்குதல், சீனியை விடுதல், தட்டைச் சிறிதாக்கல் ஆகியன 1942இன் கோதுமை மாவைப் போல வந்து தங்கவேண்டியவை. தங்கவேண்டுமாயின் அவை பழைய வடிவினுட் புகுதல் வேண்டும். சமைப்பவர்க்கு இரட்டை வேலையாகாதிருத்தல் வேண்டும். ஒருவர்க்குத் தனிச் சமையல், ஏனையோர்க்கு வேறு சமையல் என்னும் ஏற்பாடு மூன்று மாதத்திற் சலித்துவிடும். அதன் சுமை பெரும்பாலும் ஒரு பெண்ணின் தோளிலேயே விழும். நோயாளியே அப்பெண்ணாயின் நிலை இன்னும் கடிது. ஐவர்க்கும் ஆக்கிய புட்டினைத் தான் உண்ணாமல் அவள் பரிமாறவேண்டும்.

மாறாக, வீடு முழுவதற்கும் குரக்கன் புட்டும் கடலையும் ஆக்கி, எல்லாருக்கும் சிறுதட்டை வைத்து, இரசத்தைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னதாகத் தனியே பருகச் செய்து, சீனியைத் தேநீரிற் கலக்காது வேண்டுவோர்க்கு வேறாக வைத்தால், மாற்றம் ஒருவரின் பத்தியமாக இராது, வீட்டின் வழக்கமாகிவிடும். ஏனையோர்க்கும் அதனால் நன்மையேயன்றித் தீமையில்லை. நீரிழிவு பெரும்பாலும் ஒரு குடும்பத்தில் ஒருவரோடு நிற்பதில்லை.

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடி இதனை மீண்டும் நினைவூட்டியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவின் விலை ஓராண்டில் 94.9 விழுக்காடு உயர்ந்திருந்தது. பால்மா கிடையாமையாற் பாற்றேநீர் பல வீடுகளில் வெறுந்தேநீராயிற்று. ஆனால், எவரும் அதனை நலம் எனக் கொள்ளவில்லை. இழப்பு எனவே கொண்டனர். இழப்பாகக் கொள்ளப்பட்டது நிலைப்பதில்லை என்பதை 1953உம் 1970உம் 1977உம் முன்னரே கூறியுள்ளன.

தொகுத்து நோக்குமிடத்து, கொழும்புத் தமிழரின் தட்டு மாறாத தட்டன்று என்பது புலனாகும். பர்மா அரிசி போய்க் கோதுமை வந்தது. கூப்பன் போய்க் குடிபானம் வந்தது. "எங்கள் சாப்பாடு இப்படித்தான்" என்று கூறுவோர் தம் பாட்டனாரின் காலைத் தட்டை அறியாதோரே. சத்திரவைத்தியரின் கத்தி இரைப்பையைச் சிறிதாக்கலாம். வீட்டிலுள்ள தட்டைச் சிறிதாக்க அதனால் இயலாது. அது அவ்வீட்டார் அனைவரும் ஒருங்கிருந்து செய்யவேண்டிய காரியம். 1942இல் அரிசி மா இருந்த இடத்தில் வேறு மாவை வைத்து, அதனையே தம் உணவாக்கிக்கொண்ட வீடுகளுக்கு அது செய்யத்தகாத காரியமன்று.